சாந்திவனத்து மௌனம்

கிறித்தவ சமயம் தமிழ்நாட்டிற்கு அளித்த கொடைகளை எண்ணுவோர் பெரும்பாலும் சொல்லின் வழியாக வந்தவற்றையே எண்ணுவர். தரங்கம்பாடியிற் சீகன்பால்கு ஐயர் கண்ட அச்சுக்கூடமும், வீரமாமுனிவர் யாத்த தேம்பாவணியும் சதுரகராதியும், 1856இற் கால்டுவெல் ஐயர் வெளியிட்ட ஒப்பிலக்கணமும், போப்பையரின் திருவாசக மொழிபெயர்ப்பும், கிருட்டிணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் தமிழ் கற்கும் மாணாக்கர் யாவரும் அறிந்தனவே. இவையெல்லாம் பேச்சின் வரலாறு. பேசாமையின் வரலாறு ஒன்றும் அச்சமயத்தார்க்கு இந்நாட்டில் உண்டு. அது பலரும் அறியாது கிடப்பதற்குக் காரணம் வெளிப்படை. பேசுவோர் ஏடு விட்டுச் செல்வர். பேசாதிருப்போர் எதனை விட்டுச் செல்வர்? ஆயினும், காவிரிக் கரையில் ஒரு மாந்தோப்பில் நிகழ்ந்த அவ்வரலாற்றை, அதன் முதல்வர்கள் தம் நண்பர்க்கு வரைந்த மடல்களாலும் தமக்கென எழுதி வைத்த நாட்குறிப்புகளாலும் நாம் ஒருவாறு அறிதல் கூடும். அதனை ஈண்டு உரைக்கப் புகுந்தாம்.

'நம் சங்கத்து இதழில் இஃது எற்றுக்கு?' என்று வினவும் அன்பர் சிலர் இருத்தல் கூடும். பேசாமையைப் பெருஞ்செல்வமாகப் போற்றியவர் நம் முன்னோர். கல்லால மரத்தின் நீழலிலிருந்து முனிவர் நால்வர்க்கும் வாய் திறவாது உணர்த்திய குருவின் உருவைச் சிவன் கோயில்தோறும் தென்புறச் சுவரில் அமைத்து வழிபட்டு வருகின்றோம். திருச்சிராப்பள்ளியில் தாயுமானவர்க்கு அருளியவரை உலகம் மௌனகுரு என்றே வழங்குகின்றது. 'சும்மா இருத்தல்' என்பது பிறநாட்டு மொழிகளிற் சோம்பலைக் குறிக்க, நம் மொழி ஒன்றிலேயே வீட்டுநெறியைக் குறிப்பதாயிற்று. இத்தகைய நாட்டிற்கு மேலைநாட்டார் இருவர் வந்து, நம் வாயிலில் அமர்ந்து, அச்செல்வத்திற் பங்கு கேட்டனர் என்றால், அவர்க்குக் கிடைத்தது யாது, கிடையாது போயது யாது என்று ஆராய்தல் நமக்கும் உரிய தொழிலேயாம்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கிறித்து பிறந்த மூன்றாம் நான்காம் நூற்றாண்டுகளில் எகிப்து நாட்டுப் பாலைநிலத்தில் அந்தோணியார் முதலிய துறவியர் தனிக்குடில்களில் வாழ்ந்து மௌனம் பயின்றனர். அவர் நெறியைக் கண்டு கற்ற காசியன் என்பார் அதனை இற்றைப் பிரஞ்சு நாட்டிற்குக் கொண்டு சென்றார். திருப்பாடலின் ஓரடியை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறு சொல் பெருக்காது, அதனையே இடையறாது உள்ளத்தில் ஓதியிருக்கும் முறையை அவர் தம் நூலில் விளக்கினார். பதினாறாம் நூற்றாண்டில் இசுபானிய நாட்டுத் தெரேசம்மையார், கையில் நூலொன்று இல்லாமல் வழிபாட்டிற்கு அமரத் துணியாது 18 ஆண்டு வறண்டு கழித்ததைத் தாமே எழுதியிருக்கின்றார். அவர்தம் தோழராகிய சிலுவை அருளப்பர், தம் சபையார் சிலராலேயே தொலேதோ நகரில் சிறையிடப்பட்டு 1577, 1578 ஆகிய ஆண்டுகளில் ஒன்பது திங்கள் இருட்டறையிற் கிடந்தபொழுது, அவ்விருளையே இறைவனைக் காத்திருக்கும் இடமாகக் கொண்டார். இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டிற் சியார்ச்சு பாக்சு என்பார் வழி நின்றோர், குருவும் பீடமும் பாட்டுமின்றி ஒருங்கே அமர்ந்து, உள்ளத்தில் ஏவல் தோன்றுங்காறும் பேசாதிருப்பதையே தம் வழிபாடாக அமைத்தனர். ஆகவே மௌனம் கிறித்தவர்க்கு இரவற்பொருள் அன்று. நாளடைவில் ஆலயத்தின் மணியோசையிலும் மறையுரையிலும் அஃது அமிழ்ந்து போயிற்று என்பதே உண்மை. தமிழ்நாட்டுக் கிறித்தவர்க்கோ தேரும் கொட்டும் வாணவேடிக்கையுமே பழக்கமாயிருந்தன.

இங்குத் தமிழ்ச் சொல்லாராய்ச்சி சிறிது செய்வதற்கு வாசகர் இடந்தருவாராக. புலவன் எழுதும் கட்டுரையில் அஃதின்றி அமையாது. சீர்திருத்தத் திருச்சபையாரின் பழைய தமிழ் விவிலியத்தில், திருப்பாடல்களுள் 37, 46, 62 ஆகிய எண்ணுடையவற்றைப் புரட்டிப் பார்ப்பார்க்கு ஒரு சொல் கண்ணிற்படும். இறைவன்முன் பேசாது அடங்கியிருத்தலைக் குறிக்க மொழிபெயர்த்தோர் 'மௌனம்' என்று எழுதாது 'அமர்தல்', 'அமர்ந்திருத்தல்' என்று எழுதினர். அமர்தல் என்பதற்கு அடங்குதல், ஓரிடத்திற் பொருந்தியிருத்தல் என்னும் பொருள்களோடு விரும்புதல் என்னும் பொருளும் பண்டுதொட்டு உண்டு. அடங்கியிருப்பவன் விரும்பியிருக்கின்றான், விரும்பியிருப்பவன் ஒருவர் வரவு நோக்கியிருக்கின்றான். மொழிபெயர்த்தோர் இத்துணையும் கருதியே அச்சொல்லை ஆண்டனரோ, அன்றித் தமிழே அவர்க்கு அதனை எடுத்துக் கொடுத்ததோ, எவ்வாறாயினும் பொருத்தம் வியக்கத்தக்கது.

அகப்பொருள் கற்றார்க்கு இதன் நுட்பம் இன்னும் எளிதில் விளங்கும். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். கார்ப்பருவம் வருமுன் மீள்வேன் என்று சொல்லிச் சென்ற தலைவன் சொல்லை நம்பித் தலைவி ஆற்றியிருப்பதே அது. அவள் செய்வது ஒன்றுமில்லை. ஆயினும் அவ்விருத்தலே அவளது கற்பின் முழுச்செயல். நெய்தற்கு உரிப்பொருள் இரங்கல். கடற்கரையில் வாழும் நமக்கு அதுவே உரியதென இலக்கணம் வகுத்தது எமக்கு ஒரு சிறு வருத்தந்தான். இருத்தல் வேறு, சும்மா இருத்தல் வேறு. சும்மா இருப்பார்க்கு வரவேண்டியவர் ஒருவரும் இலர். தேடியவனும் தேடப்பட்டதும் ஒன்றாய் அடங்குதலே அங்கு முடிவு. இருப்பார்க்கோ வருபவர் ஒருவர் உளர். சாந்திவனத்தின் வரலாறு முழுதும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு நூலிழையின்மேல் நடந்தது.

அவ்வரலாற்றின் முதல்வர் சூல்சு மோன்சானின் அடிகள். அவர் பிரஞ்சு நாட்டில் லியோன் நகர்ப்புறத்துப் பிளேரி என்னும் ஊரில் 1895ஆம் ஆண்டு பிறந்து, 1922இற் குருப்பட்டம் பெற்றார். பெருங்கல்வியாளர், ஆயினும் நூல் எழுதிக் குவிக்க விரும்பாதவர். 1932இற் கொடுநோய் வாய்ப்பட்டபொழுது, பிழைப்பின் என் வாழ்வை இந்தியாவிற்கு அளிப்பேன் என்று உறுதி பூண்டார். பிழைத்தார், ஆனால் உடனே புறப்பட இயலவில்லை. ஏழாண்டு கழித்து 1939ஆம் ஆண்டே இந்தியா வந்து, திருச்சிராப்பள்ளி ஆயராகிய மெந்தோன்சா அவர்களிடம் சேர்ந்தார். வந்தவர்க்கு ஆயர் அளித்தது ஆசிரமம் அன்று. சிற்றூர்ப் பங்குகளின் பணி. தமிழ் கற்று, ஏழைக் குடியானவர்க்கு ஞானப்பாடம் சொல்லி, ஈளை நோயோடு போராடிப் பின்னும் பத்தாண்டு கழிந்தது.

மற்றவர் ஆன்றி லெ சோ அடிகள். பிரித்தானி என்னும் பிரஞ்சுக் கடற்கரை நாட்டில் 1910இற் பிறந்தவர். 1929இல் கெர்கோனான் மடத்திற் சேர்ந்து புனித பெனடிக்டின் ஒழுங்கில் துறவியானார். இந்தியா செல்லும் வேட்கை அவருள்ளத்தில் 1934ஆம் ஆண்டே முளைத்தது. மடத்துத் தலைவர் இசையவில்லை. பின்னர்ப் போர் குறுக்கிட்டது. போர் முடிந்தபின் திருச்சிராப்பள்ளி ஆயர்க்கு அவர் எழுதிய பிரஞ்சு மடல் மோன்சானின் அடிகள் கைக்கு வந்தது. குளித்தலையில் தனித்திருந்த அவர்க்கு, அம்மடல் தம் நெடுநாள் வேண்டுதலுக்கு விடையாகவே தோன்றிற்று. 1948 ஆகஸ்டுத் திங்கள் நடுவில் லெ சோ அடிகள் வந்து சேர்ந்தார். முளைத்த வேட்கைக்கும் வந்தடைந்த நாளுக்கும் இடையே 14 ஆண்டு.

1949 சனவரியில் இருவரும் திருவண்ணாமலை சென்று இரமண மகரிசியைக் கண்டனர். இச்சந்திப்பை லெ சோ அடிகள் பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார். மிக்க ஆவலோடு சென்றவர்க்கு முதற்காட்சி ஏமாற்றமே அளித்தது. அமைதியான ஒரு முதியவர் கட்டிலில் அமர்ந்து மடல்களைப் பார்த்தும், வந்தோரை நோக்கியும் இருந்தாரேயன்றி, இவர் எதிர்பார்த்த பெருநிகழ்ச்சி ஒன்றும் நிகழவில்லை. அங்குத் தங்கியிருந்த ஆங்கில அம்மையார் ஒருவர், 'நீர் உம் எண்ணங்களைச் சுமந்துகொண்டு வந்துள்ளீர்; அவற்றை இறக்கிவைத்து வெறுமையாய் அமர்ந்து பெற்றுக்கொள்ளும்' என்னும் கருத்துப்பட அவர்க்கு உரைத்தார். அதன்பின் காய்ச்சல் கண்டு கிடந்த அவர் உள்ளத்தில், அறிவு ஏற்க மறுத்தது தானே இறங்கத் தொடங்கிற்று. கிறித்தவ மடத்தில் இருபதாண்டு மௌனம் பயின்ற ஒருவர்க்கே மௌனத்தின் முன் அமர்வது எப்படி என்று சொல்லித் தர வேண்டியதாயிற்று. பெனடிக்டின் ஒழுங்கில் மௌனம் ஒரு கட்டளை. இரமணரிடத்தில் அது போதனை. பள்ளிக்கூடத்தில் நாம் 'வாயை மூடு' என்று மாணாக்கரை அடக்குவது எவ்வகை மௌனம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1950ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள், புனித பெனடிக்டின் திருநாளன்று, குளித்தலைக்கு அணித்தாய தண்ணீர்ப்பள்ளியில், காவிரியின் தென்கரை மாந்தோப்பொன்றில் ஆசிரமம் தொடங்கப்பெற்றது. தோப்பிற்குச் சாந்திவனம் என்றும், ஆசிரமத்திற்குச் சச்சிதானந்த ஆசிரமம் என்றும் பெயரிட்டனர். சத்து, சித்து, ஆனந்தம் என்னும் மூன்றும் ஒன்றாய் நிற்கும் அப்பெயரில் தம் சமயத்துத் திரியேக தத்துவம் விளங்குவதாக அவர் கருதினர். இக்கருத்து அவர் புதிதாகக் கண்டதன்று. வங்கத்துப் பிரமபாந்தவ உபாத்தியாயர் 1898ஆம் ஆண்டே அப்பெயரால் வடமொழியில் ஒரு துதி பாடியிருந்தார். இருவரும் காவி உடுத்தனர், புலால் நீத்தனர், ஓலைக் குடிலில் பாயிற் படுத்தனர், வெறுங்காலோடு நடந்தனர். மோன்சானின் அடிகள் பரம அரூபி ஆனந்தர் எனவும், லெ சோ அடிகள் அபிஷிக்தேசுவரானந்தர் எனவும் பெயர் பூண்டனர். பின்னையது சுருங்கி அபிஷிக்தானந்தர் என வழங்கலாயிற்று. தமிழ்நாட்டில் இதுவே முதற் கிறித்தவ ஆசிரமம் என்று எண்ணற்க. திருப்பத்தூரில் 1921ஆம் ஆண்டே மருத்துவர் இருவர், ஏசுதாசன் என்பாரும் பாரஸ்டர் பேட்டன் என்பாரும், கிறித்துகுல ஆசிரமம் கண்டிருந்தனர். ஆயினும் அது மருத்துவமும் தொண்டும் முதன்மையாகக் கொண்டது. தண்ணீர்ப்பள்ளியார் மருத்துவமனையோ பள்ளியோ வைக்கவில்லை. இறைவனை நோக்கி அமர்ந்திருப்பதற்கென்றே ஓரிடம் அமைத்தனர்.

அமர்ந்திருந்தனர். ஒருவரும் வரவில்லை. வந்தாரும் நிலைக்கவில்லை. சின்னாட் தங்கிய இளைஞர் அவ்வாழ்வின் கடுமை தாங்காதும், அதன் பயன் விளங்காதும் சென்றுவிட்டனர். நண்பர் பாராட்டினர், மேலிடத்தார் ஐயுற்றனர், மடம் மட்டும் வளரவில்லை. மோன்சானின் அடிகள் இதனைத் தோல்வியென அறிந்தே ஏற்றுக்கொண்டார் என்பது அவர் மடல்களைக் கற்றார்க்குப் புலனாகும். இந்தியத் துறவியர் நிறைந்த மடம் ஒன்றைத் தம் கண்ணாற் காணவேண்டும் என்னும் ஆசையை அவர் சிறிது சிறிதாகத் துறந்தார். தாம் வேண்டியதைத் துறந்தும் தாம் இருந்த இடத்தைத் துறவாமை எத்துணை அரிது என்பதை, ஒரு காரியத்தைத் தொடங்கி ஆட்சேராது வருந்திய நம் சங்கத்தார் யாவரும் அறிவர்.

துன்பம் அதனோடு நிற்கவில்லை. இருவருக்குள்ளும் பிரிவு நேர்ந்தது. அபிஷிக்தானந்தர் 1952 முதற் சில ஆண்டுகள் விட்டு விட்டு அருணாசல மலையின் குகைகளில் வாழ்ந்தார். அங்கே பேச்சும், பின்னர் வேண்டுதலும், பின்னர் வேண்டுவோன் என்னும் எண்ணமும் ஒன்றன்பின் ஒன்றாக அவரை விட்டு நீங்குவதைக் கண்டார், இன்புற்றார், அஞ்சவும் அஞ்சினார். தாம் நாடோறும் நிறைவேற்றும் பலிபூசையில் 'தந்தையே' என விளிக்க ஒருவர் வேண்டும்; குகையிலோ விளிப்போனும் விளிக்கப்படுவோனும் இருவராய்த் தோன்றவில்லை. இக்கொந்தளிப்பு அவர் நாட்குறிப்பின் ஏடுதோறும் காணப்படுகின்றது. அந்நாட்குறிப்பு அவர் மறைந்தபின் 1986ஆம் ஆண்டே பிரஞ்சு மொழியில் வெளிவந்தது. குகையில் எழுதிய நூலொன்றைப் பாரிசில் மறைநூற் சோதனையாளர் வெளியிட இசையவில்லை. மோன்சானின் அடிகளோ, அருணாசலத்தை வணங்கியவரே எனினும், வருபவர் ஒருவர் உளர் என்னும் தம் உறுதியினின்று அசையவில்லை. மௌனத்தின் ஆழத்திலும் மூவராய் நிற்கும் அன்பு உண்டு, அதனை நோக்கியே அமர்ந்திருக்கின்றோம் என்பது அவர் கொள்கை. தோழர் எல்லை கடக்கின்றார் என்று அவர் கவன்றார். தோழர் கரையில் நின்றுவிட்டார் என்று இவர் எண்ணினார். ஒரே தோப்பில், ஒரே மௌனத்தில், ஒருவர் இருந்தார். மற்றவர் சும்மா இருக்கப் பார்த்தார்.

1955இன் இறுதியில் அபிஷிக்தானந்தர், நம் பழைய தென்னார்க்காட்டுத் திருக்கோவலூர்த் தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளைக் கண்டு அடிபணிந்தார். நெடுநாள் தேடிய குருவைக் கண்டதாகவே அச்சந்திப்பை அவர் எழுதினார். மறு ஆண்டின் இறுதியில் கும்பகோணத்து மௌன மந்திரம் என்னும் இடத்தில் ஒரு திங்களுக்கு மேலாக எவருடனும் பேசாது அடைபட்டிருந்தார். உணவும் ஆள்முகம் காணாவாறே உள்ளே வைக்கப்பெறும்.

1957இல் மோன்சானின் அடிகளின் நோய் முற்றிற்று. பாரிசு நகர்க்குக் கொண்டு செல்லப்பெற்று, அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் அங்கே இறந்தார். தாம் நட்ட வித்து முளைத்ததை அவர் காணவில்லை. அவரை அணிமையிலிருந்து அறிந்தார் எழுதியவற்றால், கடைசிவரை அவர் கசப்புற்றதில்லை என்பது தெளிவு. கருத்தில் மாறுபட்ட தோழரும் அவர்பெருமையை மறுத்தாரல்லர். மறைந்தவர் நினைவாக நூலொன்று தொகுத்து வெளியிட்டார்.

இனி, இவர்கள் பயின்ற வழிபாட்டின் முறையைச் சிறிது கூறுவாம். ஏனெனில் மௌனம் என்றவுடன் வாய்மூடுதல் ஒன்றே என்று கருதுவார் பலர். முதுகு நிமிர்ந்து அமர்தல் வேண்டும். மூச்சு இயல்பாய் நடக்க விடுதல் வேண்டும். சிறியதொரு திருப்பெயரை உள்ளத்தில் ஓதுதல் வேண்டும். 1967இல் அபிஷிக்தானந்தர் வழிபாட்டைப்பற்றி வெளியிட்ட சிறு நூலில், இயேசுநாதர் தம் தாய்மொழியில் இறைவனை விளித்த 'அப்பா' என்னும் சொல்லை இதற்கு எடுத்துக்காட்டுகின்றார். நம் அப்பாவும் அவர் அப்பாவும் ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பது தமிழர்க்கு இனிய செய்தி. எண்ணங்கள் வரும்; அவற்றைத் துரத்தலாகாது, பின்தொடரவும் ஆகாது. திருப்பெயர்க்கு மீளுதல் ஒன்றே செயல். காட்சியையோ, கண்ணீரையோ, நெஞ்சுருக்கத்தையோ எதிர்பார்த்தல் கூடாது. நாள்பல ஒன்றும் நிகழாது. ஒன்றும் நிகழாத அந்நாள்களில் எழுந்து போகாமையே பொறுமை. மனத்தை அடக்கும் திறனைக்காட்டிலும் மறுநாளும் வந்து அமரும் உறுதியே இம்முறையில் பெரிதாகக் கொள்ளப்படும்.

எம் பெரிய முதலியார்சாவடிக்கு வடக்கே மரக்காணத்து உப்பளம் சென்று பார்த்தார்க்கு இது விளங்கும். பாத்தி கட்டி, மிதித்து இறுக்கி, உவர்நீர் பாய்ச்சும்வரை ஆளின் உழைப்பு. பாய்ச்சியபின் உப்பை விளைப்பது வெயிலும் காற்றும். விரைவுபடுத்த வழியில்லை, விட்டுப்போகவும் வழியில்லை. பருவந்தப்பிய மழை ஒருநாள் பெய்யின் பலநாள் இருந்தது கரைந்துபோம். மறுபடியும் பாய்ச்சி இருத்தல் வேண்டும். எங்கள் ஊர்ப்பெயரிலுள்ள சாவடியும் வழிச்செல்வோர் தங்கிப் பொழுது பார்த்திருக்கும் இடமே அன்றோ! இக்காலத்து அதன் அணித்தே ஆரோவில் நகரில் மாத்ரிமந்திர் என்னும் மௌனமண்டபம் 1971இல் அடிகோலப்பெற்று 2008இல் முடிந்தது. அங்கு எச்சமயத்துச் சடங்கும் இல்லை. மௌனத்திற்கென்றே ஒரு கட்டடம் எழும்ப முப்பத்தேழாண்டு ஆயின என்பதை மட்டும் குறித்து மேற்செல்வாம்.

1968ஆம் ஆண்டு அபிஷிக்தானந்தர் சாந்திவனத்தை விட்டு இமயச்சாரலில் உத்தரகாசியை அடுத்துக் குடில் கட்டி வாழச் சென்றார். 1973 சூலையில் ரிஷிகேசத்துத் தெருவில் நெஞ்சுநோயால் வீழ்ந்து, அவ்வாண்டு திசம்பர் 7ஆம் நாள் இந்தோர் நகரில் உயிர்நீத்தார். கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து ஆங்கிலத் துறவியாகிய பீட் கிரிபித்சு அடிகளும் இளந்துறவியர் இருவரும் வந்து, 1968இலேயே தண்ணீர்ப்பள்ளியை ஏற்றுக்கொண்டனர். முன்னவர் இருந்த பதினெட்டாண்டில் வாராதோர் பின்னவர் காலத்தில் வந்தனர். மேலைநாட்டு இளைஞர் கூட்டங் கூட்டமாகக் காவிரிக் கரை சேர்ந்தனர். இந்திய இளைஞரும் துறவு பூண்டனர். காலையிற் சந்தனமும் நண்பகலிற் குங்குமமும் மாலையில் திருநீறும் அணிந்து, வேதம், விவிலியம், தமிழ்ப்பாட்டு ஆகியவற்றை ஓதும் வழிபாடு மூன்றுவேளையும் நிகழலாயிற்று. கதிரவன் எழும்பொழுதும் விழும்பொழுதும் ஒவ்வொரு மணிநேரம் மௌனத்திற்கென ஒதுக்கப்பெற்றது.

கூட்டம் சேரவே கண்டனமும் சேர்ந்தது. காவியும் நீறும் மதமாற்றத்திற்கு அணிந்த வேடம் என்று சீதாராம் கோயல் 1988இல் நூல் எழுதினார். மறுபுறம் 1989இல் உரோமைத் திருச்சபையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கீழைநாட்டுத் தியானமுறைகளைக் கைக்கொள்வோர் விழிப்பாயிருக்க வேண்டும் என்று மடல் விடுத்தது. மூன்றாவது ஒரு குரல் ஒடுக்கப்பட்ட மக்களின் இறையியல் பேசும் கிறித்தவரிடமிருந்து எழுந்தது. எம் முன்னோரைக் கேட்கவும் விடாத வடமொழி மறைகளை நீவிர் ஆலயத்தில் ஏற்றுகின்றீர். எம் மௌனம் விரும்பி ஏற்றதன்று, எம்மேற் சுமத்தியது. அதனைக் கலைப்பதே எமக்கு வழிபாடு என்பது அவர் கூற்றின் சாரம்.

இம்மூன்றனுள் முதலாவதை யாம் பெரிதாகக் கொள்ளோம். சூழ்ச்சியாயின் அது மிகவும் திறனற்ற சூழ்ச்சி. தொடங்கியவர் தம் வாழ்நாளில் நிலையான மாணாக்கர் ஒருவரையும் பெறவில்லை. இரண்டாவது அச்சபையார் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. மூன்றாவதற்கு விடை எளிதன்று. பேசுதற்கு உரிமையுடையவன் பேசாதிருத்தலே மௌனம். உரிமை மறுக்கப்பட்டவன் பேசாதிருத்தலுக்கு வேறு பெயர். சாதிச் சங்கத்து இதழில் எழுதும் யாமும் படிக்கும் நீவிரும் இக்குரலைக் காதில் வாங்காது போதல் தகாது. தமிழ்ப் புலவனாகிய எமக்கோ வேறொரு குறையும் உண்டு. முதல்வர் இருவரும் தமிழ் கற்றவரே. மௌனகுருவின் திருச்சிராப்பள்ளி அவர்க்குக் கூப்பிடு தூரம். எனினும் அவர் நூல்களில் உபநிடதம் பெற்ற இடத்தில் ஒரு கூறுகூடத் தமிழ்மறைகள் பெறவில்லை.

இவ்வரலாற்றில் தமிழர் பெரிதும் அறியாத பகுதி ஒன்று எஞ்சியுள்ளது. அது கடல் கடந்து மலாயாவில் நிகழ்ந்தது. நம்மவர் பலர் குடியேறி வாழும் கோலாலம்பூரில், அனாதைக் குழந்தைகளைப் பேணிச் சுத்த சமாஜம் நடத்தி வந்த சுவாமி சத்தியானந்தரிடம், 1950ஐ அடுத்த ஆண்டுகளில், ஆங்கில அரசின் பணியாளராகிய ஓர் இளைஞர் அலுவலாகச் சென்றார். அலுவல் முடிந்தபின் பேச்சு வழிபாட்டிற்குத் திரும்பிற்று. 'கிறித்தவனாகிய யான் இம்மௌனம் பயிலலாமோ?' என்று அவர் கேட்க, சுவாமிகள், 'பயிலலாம்; நும் சமயத்துச் சொல் ஒன்றையே கொள்க; காலையும் மாலையும் அரைமணி அமர்க' என்னும் கருத்துப்படச் சொல்லிக் கொடுத்தார். அவ்விளைஞர் வாரந்தோறும் வந்து உடன் அமர்ந்தார். அவரே பின்னர் இலண்டனில் பெனடிக்டின் துறவியாகிய சான் மெயின் அடிகள்.

மடத்திற் சேர்ந்தபொழுது, அது கிறித்தவ முறையன்று என்று கூறி, அவரைப் பயிற்றிய குரு அதனை விடச் சொன்னார். கீழ்ப்படிந்து விட்டார். பல்லாண்டு கழித்துக் காசியனின் பழைய நூலைப் படிக்கையில், சத்தியானந்தர் சொன்னதையே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன்னர்த் தம் சமயத்தாரே சொல்லியிருப்பதைக் கண்டு திடுக்கிட்டார். 1975இல் இலண்டன் ஈலிங் மடத்தில் முதற் குழுவைத் தொடங்கி, பின்னர்க் கனடா நாட்டு மொந்திரியால் சென்று, 1982 திசம்பர் 30ஆம் நாள் அங்கே மறைந்தார். அவர் தொடங்கிய குழுக்கள் இன்று உலகின் பல நாடுகளிற் பரவியுள்ளன. வீட்டில் தானே முளைத்திருந்த கீரையை அயல்வீட்டார் காட்டிக்கொடுத்து அறிந்த கதையாயிற்று இது.

மெயின் அடிகள் தம்மவர்க்குத் தந்த சொல் 'மாரநாதா' என்பது. இயேசுநாதர் பேசிய அரமேய மொழியில் 'ஆண்டவரே வருக' என்பது பொருள். தமிழில் எழுதின் நான்கே எழுத்து. பவுல் அடியார் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் முடிவில், கிரேக்கத்தின் நடுவே மொழிபெயர்க்கப்படாமல் அது நிற்கின்றது. முல்லைத் தலைவியின் சொல்லும் அதுவே. ஆயினும் ஓதும்பொழுது அதன் பொருளை நினைத்துக்கொண்டிருத்தல் வேண்டா. ஒலியைச் செவிமடுத்து அமர்ந்திருத்தலே போதும் என்று அவர் விதித்தார்.

1991ஆம் ஆண்டு, மெயின் அடிகள் நினைவாக நடக்கும் சொற்பொழிவிற்கு அமெரிக்க நாட்டு இந்தியானா மாநிலத்தில் பீட் அடிகளையே அழைத்தனர். முந்திய ஆண்டு வாதநோய் கண்டு தேறியிருந்த எண்பத்துநான்கு அகவையினரான அவர், தண்ணீர்ப்பள்ளிக் குடிலிலிருந்து சென்று, மலாயாவில் ஒரு சுவாமிகள் கற்பித்த அம்முறையைப்பற்றிப் பேசினார். 1993 மே 13ஆம் நாள் சாந்திவனத்திலேயே அவர் உயிர்நீத்தார். அவர்தம் நாற்பதாண்டுத் தனிவழிபாடு 'இயேசுவே இரங்கும்' என்னும் கருத்துடைய சிறியதொரு வேண்டுதலே. மாந்தோப்பின் இடையே, கோயிற் கருவறைபோல் ஒளி குன்ற அமைத்த சிற்றாலயத்தில், மாலை மௌனம் முடிந்தவுடன் விளக்கேற்றித் திருப்பெயர் பாடுவது அங்குள்ள வழக்கம்.